பத்தில் ஒன்று நிஜம்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கிட்ட. பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் முன்னால் நகர்ந்துகொள்ளுங்கள், இடம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு கதை சொல்கிறேன். கோபக் கதை. நடுவில் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் முடிகிறபோது உங்களுக்கும் கொஞ்சம் கோபம் வரவில்லை என்றால் நான் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் தள்ளி, தூத்துக்குடியில் நடக்கிற கதை இது. நடந்து முடிந்த மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

அங்கே மூன்று பேர். அமலோற்பவம், எல்லோருக்கும் அமலி. இசக்கிராஜா, உப்புப் பாக்கெட் போடுகிற கம்பெனியில் வேலை. மூன்றாவது பேச்சியம்மாள், துணி தைப்பவள். மூன்று பேருக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேசவும் வராது. ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவர்கள் கையால் பேசியதைத்தான் நான் வாயால் சொல்கிறேன், அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. ஒரு கடற்கரைக் கோட்டை, மூன்று பேர் காக்க வேண்டும், மூன்று பேர் பிடிக்க வேண்டும். அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம். காது கேட்கிறவர்கள் மைக்கைக் கடித்துக்கொண்டு "பின்னாடி பாரு, பின்னாடி பாரு" என்று கத்திக்கொண்டே ஆடுவார்கள். இந்த மூன்று பேருக்கும் அது முடியாது. பேச்சியம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தையல் மெஷின் மோட்டாரோடு வருகிற மிதிகட்டை இருக்கிறதல்லவா, அதை இரண்டிரண்டாய் வாங்கி, விளையாட்டில் நடக்கிறதும் குனிகிறதும் காலால் என்று மாற்றிவிட்டாள். வலது கை மௌஸில். இடது கை சும்மா இருக்கும். அந்த இடது கைதான் பேசும். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கேமரா, ஒவ்வொருவர் திரையின் மூலையிலும் மற்ற இரண்டு பேர் கை தெரிகிற சின்னச் சதுரம்.

ஒற்றைக் கையால் பேச அவர்களே ஜாடைகள் உண்டாக்கினார்கள். மூடிய கையை நெஞ்சில் வைத்தால் "இரு." மூடிய கையை நெஞ்சில் வைத்து, சட்டென்று விரித்து மூடினால் "விட்டுட்டு வா." கண் இமைக்கிற நேரத்துக்குள் விரிந்து மூடிவிடும். அவர்கள் கண்ணுக்கு அது போதும்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார்கள். ஒரு ஜாடையை ஒரு தடவைதான் காட்டுவது. "என்ன, என்ன" என்று திருப்பிக் கேட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்கும் அவர்தான் டீ போட வேண்டும். இசக்கி போடுகிற டீ அவ்வளவு மோசம். அதனால் அவனைக் கேட்கவே விடமாட்டார்கள், அவனும் கேட்கமாட்டான்.

இப்படி ஆடி ஆடி மாநிலத்தில் அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டார்கள். அப்போதுதான் இசக்கியின் கம்ப்யூட்டரில் திரை முழுக்கப் பச்சைக் கோடு ஓடியது. ஒரு கருகல் வாடை. கிராபிக்ஸ் கார்டு போயிற்று. உள்ளே இருந்து படத்தை வரைந்து திரைக்கு அனுப்புகிற பலகை அது. அது இல்லாமல் விளையாட்டு இல்லை.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மைதீன் பாய் கடை. மூன்று பேரும் போனார்கள். வருஷக்கணக்கில் இவர்களோடு பழகி மைதீனும் கையால் பேசுவார். பேசுவார் என்று சொல்லலாமா தெரியவில்லை. "கார்டு" என்று காட்டுவதாய் நினைத்து "தோசை" என்று காட்டுவார்.

"உன் தோசை கருகிப் போச்சு தம்பி," என்றார் இசக்கியிடம்.

"சட்னி வைங்க பாய், தின்னுட்டுப் போறோம்," என்றாள் பேச்சியம்மாள்.

மேஜையில் இரண்டு கார்டு எடுத்து வைத்தார். ஒன்று பழசு, இசக்கியிடம் இருந்ததைவிடப் பெரிசு, யாரோ இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு விற்றது. மூன்று ஃபேன், முழங்கை நீளம். இசக்கியின் கம்ப்யூட்டர் பெட்டி, அந்தக் கேபினட், சின்னது. சாணால் அளந்து பார்த்தான், அரை விரற்கடை இடித்தது. அது தின்கிற மின்சாரத்துக்கு, உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்ஸையும் மாற்ற வேண்டும். இன்னொன்று புதுசு. உள்ளங்கை அகலம், ஒற்றை ஃபேன், சூடே ஏறாது.

மைதீன் கைபேசியில் தட்டிக் காட்டினார்: "பழசு, வந்ததை அப்படியே வரையும். புதுசு அப்படி இல்ல. பத்துப் படத்துல ஒண்ணைத்தான் நிஜமா வரையும். மிச்ச ஒன்பதும் அதுவே யூகிச்சுப் போட்டுக்கும். அதனாலதான் இவ்வளவு வேகம், இவ்வளவு வழுவழுப்பு."

இசக்கிக்கு மனசு ஒப்பவில்லை. "யூகம் தப்பாப் போனா?"

"நீ கண்டுபிடிக்கிறதுக்குள்ள அடுத்த நிஜப் படம் வந்துரும்னு சொல்றான் கம்பெனிக்காரன்."

இரண்டையும் மாட்டி விளையாட்டை ஓட்டிக் காட்டினார். பழசில் அலை விட்டு விட்டு வந்தது. புதுசில் எண்ணெய் மாதிரி வந்தது. இசக்கி பழசையே பார்த்துக்கொண்டு நின்றான். அமலிதான் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"கோட்டிக்காரா, கேபினட்டை அறுத்தா மாட்டப்போற? புதுசை எடு. அரையிறுதிக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

எடுத்தான். ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தார்களே ஒழிய, ஒரு கையை அதன் முன்னால் ஆட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கையில் என்ன சந்தேகம்? அதைத்தானே பிறந்ததிலிருந்து நம்பி வாழ்கிறார்கள்.

அரையிறுதி. சனிக்கிழமை காலை. பேச்சியம்மாள் முதலிலேயே அடிபட்டுச் செத்தாள். விளையாட்டில்தான் கண்ணுகளா, பயப்படாதீர்கள். அதில் செத்தவர் திரை இருட்டாகிவிடும், ஒன்றும் தெரியாது. அமலி கோபுரத்தின் மேலே. இசக்கி உள்வாசலில். எதிரி மூன்று பேரும் சுரங்கம் வழியாக இசக்கியின் முதுகுப் பக்கம் வருவதை அமலி பார்த்தாள். "விட்டுட்டு வா" என்று காட்டினாள். அவன் வரவில்லை. அவளே ஒரு தடவைதான் என்கிற சட்டத்தை உடைத்தாள். இன்னொரு தடவை காட்டினாள், மூன்றாம் தடவை காட்டினாள். இசக்கி மரம் மாதிரி வாசலிலேயே நின்றான். கோட்டை விழுந்தது.

அன்று மத்தியானமே அமலி வீட்டுக்கு வந்து நின்றான் இசக்கி. முகம் கறுத்துப்போயிருந்தது.

"ஏன் என்னை இருக்கச் சொன்ன?"

"வான்னுதானே காட்டுனேன். மூணு தடவை."

"இருன்னு காட்டுன. இரு, இரு, இருன்னு. என் கண்ணால பார்த்தேன்."

"உன் கண்ணு அவிஞ்சு போச்சால?"

அவன் திரும்பி வீட்டுக்கு நடந்தான். அந்த வருஷம் போட்டிகளில் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்கிறார்கள், ஆட்டத்தை விற்கிறார்கள் என்று பல ஊரில் பேச்சு. விளையாட்டுச் சங்கம் ஒவ்வொரு ஆட்டக்காரரின் திரையையும் பதிவு பண்ணி வைக்கச் சொல்லியிருந்தது. இசக்கி தன் பதிவை ஓட்டிப் பார்த்தான். மூலைச் சதுரத்தில் அமலியின் கை, நெஞ்சில், மூடியபடியே. தெளிவாக. ஒரு நடுக்கம்கூட இல்லாமல். அவனுக்கு அழுகை வந்தது. பிறகு அதைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டான்.

ஆமாம், அனுப்பினான். கோபப்படுங்கள். ஆனால் கொஞ்சம் மிச்சமும் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் தேவைப்படும்.

சங்கம் விசாரணை வைத்தது. சென்னையில் நிரஞ்சன் என்று ஓர் அதிகாரி, அவர் பக்கத்தில் வத்சலா என்கிற அம்மாள். கை பேசுவதை வாயால் சொல்வதுதான் வத்சலாவின் வேலை. நிரஞ்சன் கேள்வியைக் கையால் அமலிக்குக் காட்டுவதும் அந்த அம்மாள்தான். அமலி தூத்துக்குடியில் தன் மேஜையில். நடுவில் திரை. சங்கத்தின் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் அதே புதுக் கார்டுதான், போட்டி நடத்தப் பணம் கொடுத்ததே கார்டு கம்பெனி.

"நீங்க அவரை இருக்கச் சொன்னீங்களா?" என்று கேட்டார் நிரஞ்சன்.

அமலி வெடித்தாள். இரண்டு கையும் பறந்தது. நான் விற்கவில்லை, யாரிடமும் எதையும் வாங்கவில்லை, எட்டு வருஷமாய் இவர்களோடு ஆடுகிறேன், என் கையை நான் பொய்க்குக் கொடுக்கமாட்டேன் என்று கொட்டினாள். கோபத்தில் கை வேகம் எடுக்கும் அல்லவா? வேகம் எடுக்க எடுக்க, ஒரு நிஜப் படத்துக்கும் அடுத்த நிஜப் படத்துக்கும் நடுவில் விழுந்த சொற்கள் அதிகம். அந்த இடத்தையெல்லாம் கார்டு தன் யூகத்தால் நிரப்பியது. சென்னைத் திரையில் ஒரு பெண், கையை மடியில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது லேசாய் விரலை அசைத்தபடி, சாந்தமாய் உட்கார்ந்திருந்தாள்.

வத்சலா தடுமாறினாள். "விற்றேன்... எட்டு வருஷம்... கொடுப்பேன்..." என்று கிடைத்ததைச் சொன்னாள். "சரியாத் தெரியல சார், ரொம்பச் சுருக்கமாப் பேசுறாங்க."

நிரஞ்சன் குறிப்பில் எழுதினார்: 'குற்ற உணர்வின் அறிகுறி இல்லை. அமைதியாக ஒப்புக்கொண்டார்.'

இரண்டு வருஷத் தடை. ஆட்டத்தை விற்றவர்கள் பட்டியலில் பெயர். ஊரில் கை பேசுகிறவர்கள் நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் இருக்க முடியாத கூட்டம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூடுகிற மண்டபத்தில் அமலி நுழைந்தால் பேசிக்கொண்டிருந்த கைகள் நின்றன. நின்ற கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். மூன்று ஞாயிறு போனாள். அப்புறம் போகவில்லை.

மூன்று மாசம். பேச்சியம்மாள் மட்டும் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் இசக்கி வீட்டுக்குப் போய் அவன் கம்ப்யூட்டர் முன்னால் அவனை உட்கார வைத்தாள்.

"நீயே காட்டுல. உன் கேமரா பார்க்கிறதை உன் திரையிலயே போடு. 'விட்டுட்டு வா'ன்னு நீயே காட்டு."

"எதுக்கு?"

"டீ போடத்தான் தெரியாது, கை நீட்டவுமா தெரியாது? காட்டு மூதி."

காட்டினான். விரல் விரிந்து சட்டைப் பொத்தானில் உரசியது அவனுக்கே தெரிந்தது. திரையில் இருந்த இசக்கி கையை மூடியபடியே வைத்திருந்தான்.

மறுபடி காட்டினான். பொத்தானில் உரசல். திரையில் மூடிய கை. இருபது தடவை காட்டினான். பேச்சியம்மாள் அவன் கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். இருபத்தோராவது தடவைக்கு அவன் கை எழும்பவில்லை. தலையை மேஜையில் வைத்துவிட்டான்.

கார்டைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு மைதீன் கடைக்குப் போனார்கள். அவர் அதைத் தன் மேஜையில் மாட்டி அரை மணி நேரம் நோண்டினார். கைபேசியில் தட்டினார்: "விரிக்கிறதுக்கு முன்னாடி மூடின கை. விரிச்சதுக்குப் பின்னாடியும் மூடின கை. நடுவுல நிஜப் படம் கிடையாது. அப்ப நடுவுலயும் மூடித்தான் இருந்திருக்கும்னு இது முடிவு பண்ணிருது. தப்பித் தவறி ஒரு விரல் கலங்கலாத் தெரிஞ்சாலும் தூசுன்னு துடைச்சிருது."

"யாரு சொல்லிக் கொடுத்தா அப்படி?" என்றாள் பேச்சியம்மாள்.

"லட்சக்கணக்கான பேர் கேமரா முன்னாடி உட்கார்ந்ததைப் பார்த்துக் கத்துக்கிட்டதாம். அவங்க எல்லாம் வாயால பேசுறவங்க. கை சும்மாத்தான் கிடக்கும். கைன்னா சும்மா கிடக்கிறதுன்னு இது படிச்சிருக்கு."

"நிறுத்த முடியாதா?"

"அதுக்கு ஒரு பொத்தானும் வைக்கல."

கம்பெனிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்துப் பெண் குரல் ரொம்ப மரியாதையாகச் சொன்னது: "அது பழுது இல்லை சார், வசதி. கையில இருக்கிற தேவையில்லாத அசைவுகளை நீக்கித் தர்றோம். வாடிக்கையாளர்கள் தொண்ணூத்தொன்பது சதவீதம் பேருக்குத் திருப்தி."

"மிச்ச ஒரு சதவீதம்?"

"உங்க கருத்தைப் பதிவு செஞ்சுக்கிட்டோம் சார்."

தேவையில்லாத அசைவு! கேட்டுக்கொண்டீர்களா கண்ணுகளா? ஒருத்தி 'நான் குற்றமில்லாதவள்' என்று சொன்னது தேவையில்லாத அசைவு.

மைதீன் இசக்கியின் கையையும் திரையையும் சேர்த்துத் தன் கைபேசியில் படம் எடுத்தார், சாட்சிக்கு ஆகட்டும் என்று. ஓட்டிப் பார்த்தால் இரண்டு கையும் மூடியிருந்தது. "எளவு, இதுக்குள்ளயும் அதோட தம்பிதான் உட்கார்ந்திருக்கான்," என்று கைபேசியை மேஜையில் குத்தினார்.

அமலி வீட்டு வாசலில் இசக்கி போய் நின்றபோது அவள் கதவைத் திறந்து, அவன் சொன்னதை எல்லாம் பார்த்துவிட்டு, ஒரே ஒன்று கேட்டாள். "சென்னைக்கு வந்து சொல்லுவியா?" சொல்லுவேன் என்றான். கதவைச் சாத்திவிட்டாள்.

மூன்று பேரும் ரயிலேறிப் போனார்கள். நேரில் வந்ததால் நிரஞ்சன் மறுவிசாரணைக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் விதிப்படி எல்லாம் பதிவாக வேண்டும் என்று சொல்லி, சுவரில் ஒரு பெரிய திரையும், எதிரே கேமராவும் வைத்திருந்தார். வத்சலா பழக்கத்தில் திரையைப் பார்த்து உட்கார்ந்தாள். அமலி போய் வத்சலாவுக்கும் திரைக்கும் நடுவில் நின்றாள்.

"என்னைப் பாருங்க."

வத்சலா பார்த்தாள். முதல் தடவையாக. அமலி பேசினாள். கை இரண்டும் பறந்தது, தோள் பேசியது, புருவம் பேசியது. வத்சலாவின் குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. கடைசிச் சொல் வரைக்கும் சொல்லி முடித்தாள். பிறகு சுவரிலிருந்த திரையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அமலி சாந்தமாய் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயோ," என்றாள் வத்சலா. "சார், அன்னைக்கு நான் சொன்னது எல்லாமே தப்பு."

இசக்கியும் தன் பங்குக்கு, தான் அனுப்பிய பதிவு பொய் என்று சொன்னான். நிரஞ்சன் நெற்றியைத் தேய்த்தார். "பாருங்க தம்பி, உணர்ச்சி வேற, ஆதாரம் வேற."

அமலி அவர் மேஜை முன்னால் போய், அவரையே செய்யச் சொன்னாள். நெஞ்சில் கை, விரித்து மூடு. மனிதர் கூச்சப்பட்டுக்கொண்டே செய்தார். திரையைப் பார்த்தார். இன்னொரு தடவை, கொஞ்சம் வேகமாய். திரையிலிருந்த நிரஞ்சன் நெஞ்சில் மூடிய கையோடு, பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுக்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"அடேயப்பா," என்றார். வேர்த்துவிட்டது அவருக்கு. மூன்று பேருக்கும் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். "நல்ல முடிவு வரும், போயிட்டு வாங்க."

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அமலியே படித்தாள்.

'மறுவிசாரணையின் பதிவை மேல்முறையீட்டுக் குழு பரிசீலித்தது. பதிவில் எந்த இடத்திலும் கை விரிந்ததாகக் காணப்படவில்லை. அதிகாரி திரு. நிரஞ்சன் அவர்களிடம் விளக்கம் கேட்கப்பட்டது. பதிவைப் பார்த்தபின், தன் கை மூடியே இருந்ததாக அவர் எழுத்துமூலம் உறுதிப்படுத்தியுள்ளார். தடை நீடிக்கிறது.'

அவருடைய கை. அவருடைய ஐந்து விரல். நெஞ்சில் வைத்து இரண்டு தடவை விரித்தார், விரித்தது அவருக்குத் தெரியும். விரிக்கவில்லை என்றது படம், அவரும் விரிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எந்தக் கையால் போட்டார் என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு. உப்புப் பாக்கெட் போடுகிற இசக்கிக்கு, பொத்தானில் விரல் உரசியதே போதுமாய் இருந்தது. படித்த மனிதருக்குத் தன் விரல் போதவில்லை. வேலை போய்விடும் என்று பயமா, கம்பெனி கோபிக்கும் என்று பயமா, இல்லை நிஜமாகவே தன் கையை நம்பாமல் போய்விட்டாரா? மூன்றாவதுதான் என்றால், அதற்குத்தான் நான் ரொம்பப் பயப்படுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் எதிர்பார்க்கவில்லை, வத்சலா சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். சங்கத்து வேலையை விட்டுவிட்டாளாம். பேச்சியம்மாள் அமலியைக் கட்டாயப்படுத்தி மண்டபத்துக்கு இழுத்து வந்திருந்தாள். நூற்றுச் சொச்சம் பேர் முன்னால் வத்சலா மேடையேறி, வாயை மூடிக்கொண்டு, கையால் மட்டும் சொன்னாள். நான் இந்தப் பெண் முகத்தைப் பார்க்காமல் இவள் பேச்சைச் சொன்னேன். இவள் இல்லை என்றாள், நான் ஆமாம் என்றேன். என் பிழை.

மைதீனும் வந்திருந்தார். இனி அந்தக் கார்டு தன் கடையில் கிடையாது, யார் எந்தக் கார்டு வாங்க வந்தாலும் முதலில் அதன் முன்னால் கையால் பேசிப் பார்த்துவிட்டுத்தான் காசு வாங்குவேன் என்று அறிவித்தார். அறிவிப்பில் இரண்டு இடத்தில் தோசை வந்தது. யாரும் சிரிக்கவில்லை, பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அப்புறம் ஒவ்வொருத்தராய் அமலியிடம் வந்து பேசினார்கள். கடிதத்தில் அவள் குற்றவாளிதான், இன்றைக்கும். அந்த மண்டபத்தில் இல்லை.

கடைசியாய் இசக்கி வந்தான். கை எடுத்தான், தொங்கவிட்டான்.

அமலி அவனை நன்றாகப் பார்த்தாள்.

"மூணு மாசம் நீ அதை நம்புன," என்றாள், ஒவ்வொரு சொல்லாய், நிதானமாய். "மூணு மாசம் நான் உன்னை நம்பமாட்டேன். எண்ணிக்கோ. முடிஞ்ச மறுநாள் வா, ஆடலாம்."

இசக்கி அன்றைக்கே எண்ண ஆரம்பித்தான்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து பத்திரமாய் வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் யார் பேசுவதும் பாதியில் தொலையாமல் இருக்கட்டும். ஒருத்தர் கோபம் இன்னொருத்தர் கண்ணுக்குக் கோபமாகவே தெரியட்டும், அழுகை அழுகையாகவே தெரியட்டும். உலை கொதிக்க, விளக்கு எரிய, பிள்ளை குட்டிகளோடு முகம் பார்த்து வாழுங்கள்.